முப்பது குழாய் ரத்தம்

2020 அக்டோபர் 19, திங்கட்கிழமை. காலை 10:20.

முப்பது பேருடைய ரத்தம் காணாமல் போயிருந்தது.

குழாய்கள் முப்பதும் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ரத்தமும் இருந்தது. ஆனால் அது அந்த முப்பது பேருடைய ரத்தம் இல்லை என்று டாக்டர் அன்புக்கரசி அடித்துச் சொன்னார்.

செஞ்சி ஊரில் எத்தனை பேருக்குக் கொரோனா வந்து போயிருக்கிறது என்று கணக்கெடுக்க வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்று அனுப்பிய குழுவுக்கு அவர்தான் தலைவி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடம்தான் அலுவலகம். மேசைக்கு எதிரே ரத்தம் எடுக்கும் பெண் வெண்மதி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ரத்தப் பெட்டிகளை பைக்கில் கொண்டுவந்து சேர்க்கும் இளவரசன். வாசலில், குடையை ஊன்றியபடி, இளவரசனின் தகப்பனார் தனகோட்டி.

அவரை யாரும் கூப்பிடவில்லை. காலையில் ஒரு போன் வந்தது. அதுதான் அவரை இழுத்து வந்திருந்தது.

"சரிபார்க்கத்தான் கூப்பிட்டோம், பெரியவரே," என்றார் டாக்டர். "பெருமாள் கோயில் வீதி லிஸ்ட்ல முதல் பேர் உங்களது. நேர்ல வந்திருக்க வேண்டாம்."

"எங்கிட்ட ரத்தமே எடுத்திருக்க மாட்டாங்கன்னு உங்க ஆளு போன்ல சொன்னான். அக்டோபர் மூணாம் தேதி காலைல 7:22க்கு இந்தப் பொண்ணு என் இடது கைல ஊசி போட்டுச்சி. நான் எடுத்தாங்கன்னு சொன்னா எடுத்தாங்கதான். எங்க குடும்பத்துல பொய் சாட்சி சொன்ன நாக்கு இதுவரைக்கும் கிடையாது."

தனகோட்டிக்கு எழுபத்தொரு வயது. செஞ்சி பேருந்து நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சின்ன டைரி ஒன்று இருக்கும். வீட்டில் நடப்பதெல்லாம் நேரத்தோடு அதில் ஏறும்.

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். "அஞ்சு தெரு. தெருவுக்கு முப்பது பேர். நோய் வந்துட்டுப் போனவங்க ரத்தத்துல அதோட தடம் இருக்கும். அதை வச்சுத்தான் மொத்த ஊருக்கும் கணக்குப் போடறோம். மத்த நாலு தெருவுல பன்னிரண்டு, ஒன்பது, பதினாலு, பத்து. உங்க தெருவுல எத்தனை தெரியுமா? பூஜ்யம்."

"நல்லதுதானே? எங்க வீட்டுப் படியை அது தாண்டவே இல்லை. யாருக்கும் ஒரு தும்மல் கிடையாது."

"உங்க வீட்டுல தாண்டாம இருக்கலாம். ஒரு தெருவுக்கே எப்படித் தாண்டாம போகும்? நடுவுல ஒரு சந்துதான், அந்தப் பக்கம் பதினாலு பேர். இந்த முப்பதும் ஒரே ஆளோட ரத்தம். வீடு வீடா ஏறச் சோம்பல்பட்டு எங்கயோ உக்காந்து ரொப்பியிருக்கா."

"மேடம், முப்பது வீட்டுக்கும் போனேன்." வெண்மதி டாக்டரை நேராகப் பார்த்தாள். "எழுபது படிக்கட்டு ஏறினேன்."

"குழாய்ல ஒட்டின எண் யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"மூடியைப் பாரு." டாக்டர் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பு மூடிகளில் பத்துப் பன்னிரண்டின் விளிம்பு சிராய்த்து நசுங்கியிருந்தது. "பல்லால கடிச்சுத் திறந்திருக்கே. லேப்ல பார்த்துட்டுச் சிரிச்சாங்க."

"அன்னிக்கு ரெண்டு மாஸ்க், அதுக்கு மேல முகத்துக்குக் கண்ணாடித் தகடு மேடம். எந்தப் பல்லால கடிக்கறது?"

டாக்டர் செல்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். தனகோட்டி அந்தக் கேள்வியை மனதில் போட்டுக்கொண்டார்.

"பெட்டியை எத்தனை மணிக்கு மூடினே?" என்று அவளைக் கேட்டார்.

"11:10, ஐயா. உடனே இளவரசன் அண்ணன்கிட்ட குடுத்துட்டேன்."

"ஆமா நைனா," என்றான் இளவரசன், தரையைப் பார்த்தபடி. "நேரா இங்க கொண்டாந்து உள் ரூம்ல வச்சுப் பூட்டினேன். அப்புறந்தான் சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போனேன். சாயங்காலம் 3:50க்குப் பெட்டியை லேப் வண்டியில ஏத்தினோம்."

"அந்த ரூமுக்கு ரெண்டு சாவி," என்றார் டாக்டர். "ஒண்ணு இவர்கிட்ட. ஒண்ணு இவகிட்ட. மத்தியானம் ஒரு மணி நேரம் இவ இங்க தனியா இருந்திருக்கா."

"வராந்தால சோறு தின்னேன். ரூமைத் திறக்கவே இல்லை."

"அதை ஸ்டேஷன்ல சொல்லிக்கோ. மாலை அஞ்சு மணிக்கு என் அறிக்கை போகுது, கூடவே போலீஸ் புகாரும். இது வெறும் முப்பது குழாய் இல்லை, பெரியவரே. செஞ்சில இருபத்தேழாயிரம் பேர். இந்தப் பூஜ்யத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டா, நோய் வந்தவங்கள்ல ஏறக்குறைய ரெண்டாயிரம் பேர் தாள்ல இருந்தே மறைஞ்சு போவாங்க. அடுத்த அலைக்கு எத்தனை படுக்கை வேணும்னு இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணப் போறாங்க."

தனகோட்டி கையை நீட்டினார். "அந்தத் தாளைக் குடுங்க."

வரிசை வரிசையாக எண்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் எண் வரிசையில் எது இயல்பாக வந்தது, எது வரவில்லை என்பது தெரியும். அரை மணிக்கு ஒரு பேருந்து என்றாலும் எதுவும் சரியாக அரை மணிக்கு வருவதில்லை. ஒரு கண்டக்டர் எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கொடுத்தால் அவன் உட்கார்ந்த இடத்தில் எழுதினான் என்று அர்த்தம்.

"நோய் வராதவங்களுக்கும் ஏதோ எண் போட்டிருக்குது. 0.11, 0.17, 0.09. இன்னாது இது?"

"எந்த மனுஷ ரத்தமா இருந்தாலும் மெஷின் ஒரு சின்ன எண் காட்டும். ஆளுக்கு ஆள் மாறும்."

"எங்க தெருவுக்கு முப்பதும் 0.04. கடைசி வரியிலயும் 0.04. அது யாரு?"

"அது ஆள் இல்லை. ஒண்ணும் ஊத்தாத வெறும் குழி. மெஷின் சரியா இருக்குதான்னு பார்க்க..."

டாக்டர் பாதியில் நிறுத்தினார். தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒரே ஆளோட ரத்தம்னாலும் அந்த ஆளுக்குன்னு ஒரு சின்ன எண் வரணும் இல்லையா, டாக்டரம்மா?"

டாக்டர் லேபுக்குப் போன் போட்டார். மிச்சமிருந்த ரத்தக்கட்டியைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். பதில் 12:05க்கு வந்தது. சிவப்பணுக்கள் மனிதனுடையதில் பாதி அளவுகூட இல்லை. ஆட்டு ரத்தம்.

"இன்னும் மோசம்," என்றார் டாக்டர். "அஞ்சு மணி. அதுல மாற்றமில்லை."

தனகோட்டி படி இறங்கும்போது வெண்மதி பின்னாலேயே வந்தாள். கண்டக்டர் இளையபெருமாளின் மகள் அவள்.

"எங்க நைனா வீட்டுல சொல்லும், செஞ்சி டைம்கீப்பர் ஒரு நிமிஷத்தைக்கூட விடமாட்டாருன்னு. ஒரு தடவை ரெண்டு நிமிஷத்துக்கு மெமோ வாங்கிக் குடுத்தீங்களாம்."

"ரெண்டு இல்ல, மூணு," என்றார் தனகோட்டி. "போய் உக்காரு. அழுவாதே."

பகல் 1:10.

வீட்டில் சோற்றைத் தொடாமல் டைரியைத் திறந்தார். அக்டோபர் 3, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

7:22, ரத்தம். 11:10, தெருமுனையில் பெட்டி மூடல். 11:15, இளவரசன் பொங்கலுடன் சிங்கவரம் புறப்பாடு. 2:05, வீடு திரும்பல். பொங்கல் இல்லை, தானம்.

மூன்றாம் சனிக்கிழமை வீட்டில் பொங்கல் செய்து, வீட்டு ஆண்மகன் ஒருவன் சிங்கவரம் மலையேறிப் பெருமாளுக்குக் காட்டி, உச்சி வேளைக்குள் இறங்க வேண்டும். மூன்று தலைமுறை வேண்டுதல். அந்த வருடம் வயதானவர்கள் கோயிலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை நாள் என்று இளவரசன் முனகியபோது தனகோட்டி ஒரே சொல்லில் முடித்தார்: பொங்கல் மலையேறாமல் நீ இந்த வாசப்படி ஏறாதே. அவன் வெறும் தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி, மலைப்படியில் உட்கார்ந்திருந்த ஏழை ஜனங்களுக்கே கொடுத்துவிட்டேன் என்றதும் அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அதனால்தான் டைரியில் 'தானம்' என்று எழுதினார்.

"சாப்டாம இன்னா படிப்பு?" மனைவி ஆண்டாள் எட்டிப் பார்த்தாள். "அந்த நாளா? அன்னிக்கு என் புள்ள தூக்கைக்கூடப் புளி போட்டுத் தேச்சுக் கவுத்து வச்சுது. நாப்பத்தஞ்சு வருஷத்துல நீங்க ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்ல."

"சும்மா இரு. ஆட்டு ரத்தம் எங்க கிடைக்கும்?"

"இன்னாது?"

"புரட்டாசி சனிக்கிழமை. செஞ்சில பாதிக் கறிக்கடை மூடிக் கிடக்கும். அன்னிக்கு எவன் ஆடு அறுத்தான்?"

"ஆடி மாசம் ஒரு வாரம் பூரா குழம்புல உப்பில்லை, காபில மணமில்லைன்னு தட்டைத் தள்ளிவிட்டீங்க. மூணு நாள் எங்கிட்ட பேசல. இப்ப ஆட்டு ரத்தத்துல ஆரம்பிக்கறீங்களா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பகல் 2:40.

கடைத்தெருவில் புரட்டாசி முழுக்கத் திறந்திருந்தவை இரண்டு கறிக்கடைகள். முதல் கடையில் அன்று ஆடே அறுக்கவில்லை. இரண்டாவது மஸ்தான் பாயுடையது.

"இன்னா டைம்கீப்பர் சார், புரட்டாசி முடிஞ்சு மூணே நாள்தான் ஆவுது. நாக்கு தாங்கலையா?"

"கறிக்கு வரல, பாய். மூணாம் சனிக்கிழமை ஆடு அறுத்தீங்களா?"

"காலைல ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஒரு நிக்காஹ் பிரியாணி. அதுக்கு மத்தியானம் ஒண்ணு போட்டோம். ஒரு மணி இருக்கும்."

"ரத்தம் யாராவது கேட்டாங்களா?"

மஸ்தான் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதை எப்படி மறக்கறது? ஹெல்மெட்டு, மாஸ்க்கு, கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. உப்பு போடாதீங்க, சூடா வேணும்னாரு. வீட்டுல ரத்தசோகையாம். கடைக்குப் பின்னால போயி அஞ்சு நிமிஷம் இன்னாவோ பண்ணிட்டு இருந்தாரு. போறப்ப ஹெல்மெட்டைக் கழட்டி வேர்வையைத் தொடச்சாரு பாருங்க, நெத்தி பூரா நாமம்! புரட்டாசி சனிக்கிழமை, நாமத்தைப் போட்டுக்கிட்டு ஆட்டு ரத்தம் வாங்கின ஒரே ஆளு செஞ்சிலயே அவருதான்."

"எதுல வாங்கினான்?"

"பித்தளைத் தூக்கு. பழைய காலத்துது, நல்ல கனம். மூடியில சங்கு செதுக்கியிருந்துது."

தனகோட்டி குடையை மற்றொரு கைக்கு மாற்றினார்.

"இன்னா சார், உக்கார்றீங்களா? மூஞ்சி இன்னாவோ மாதிரி இருக்குதே."

"மணி இன்னா?"

"உங்க கைலதான வாட்ச் இருக்குது."

மாலை 3:25.

தூக்கு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவர் தகப்பனார் பெயரின் முதலெழுத்துகள் அடியில். மூடியில் சங்கு. உடம்பு பளபளவென்று இருந்தது. கைப்பிடி சேரும் வளையத்தை அவர் வெளிச்சத்தில் திருப்பினார். புளியும் விரலும் எட்டாத அந்த இடுக்கில், நூல் அளவுக்குக் கறுப்பாக ஒரு கோடு காய்ந்து கிடந்தது.

நாலாம் சனிக்கிழமை இதே தூக்கில்தான் புளியோதரை மலையேறியது. அதிலிருந்துதான் அவர் முதல் கவளம் எடுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் தூக்கு. ஒரு குச்சி நுனியும் கொஞ்சம் எலுமிச்சையும் போதும், அந்தக் கோடு இருக்காது. மஸ்தான் பாய்க்கு முகம் தெரியாது. அஞ்சு மணிக்கு அறிக்கை போகும். கண்டக்டர் மகள் ஒருத்தி ஸ்டேஷன் படியேறுவாள். பெருமாள் கோயில் வீதியில் தனகோட்டி வீடு எப்போதும் போல நிமிர்ந்து நிற்கும்.

கடிகாரம் நாலு அடித்தது. அவர் அசையவில்லை.

ஆண்டாள் காபியை வைத்துவிட்டு அவர் முகத்தையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

4:22க்கு அவர் எழுந்தார். சட்டையை மாற்றினார். தூக்கை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டார்.

மாலை 4:41.

டாக்டர் மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. வெண்மதி மூலையில். இளவரசன் சன்னலோரம். தனகோட்டி துண்டைப் பிரித்துத் தூக்கை மேசை நடுவில் வைத்தார். இளவரசனின் கை சன்னல் கம்பியைப் பிடித்தது.

"டாக்டரம்மா, எழுதிக்குங்க. ரத்தத்தை மாத்தினது இந்தப் பொண்ணு இல்லை. என் மகன் இளவரசன்."

"நைனா!"

"நான் முடிக்கறேன். நீ அப்புறம் பேசு." அவர் உட்காரவில்லை. "இந்தப் பொண்ணு ரொப்பி ஏமாத்தணும்னா ஆட்டுக்கு ஏன் போவுது? கைல ஊசி இருக்குது, தன் ரத்தத்தையே எடுத்துக்கும். ஆடு தேடிப் போனவன் ஊசி குத்தத் தெரியாதவன். அடுத்து, எண் ஒட்டின குழாய் அதேதான், கையெழுத்தும் அதேதான். அப்ப குழாய் தொலையல. உள்ள இருந்ததுதான் போச்சு. எப்படிப் போச்சுன்னு மூடி சொல்லுது. பல்லுதான். ஆனா மாஸ்க் போட்ட பல்லு இல்லை. சிங்கவரம் மலையடியில வண்டியை நிறுத்தினவங்களுக்குத் தெரியும், அங்க யாருக்குப் பல்லு இருக்குதுன்னு."

டாக்டர் நிமிர்ந்தார். "குரங்கு?"

"இவன் பெட்டியை இங்க கொண்டாரவே இல்லை. நேரா வீட்டுக்கு வந்தான், இந்தத் தூக்குல பொங்கல் எடுத்துக்கிட்டு, பெட்டி மூடின அஞ்சே நிமிஷத்துல, 11:15க்கு மலைக்குக் கிளம்பினான், என் டைரியில இருக்குது. பெட்டி பைக்லயே இருந்திருக்குது. ஒரு மணிக்கு மஸ்தான் பாய் கடையில, நெத்தில நாமத்தோட, இதே தூக்குல சூடா ரத்தம் வாங்கினான். இந்த வளையத்துல பாருங்க. எல்லாம் என் கண்ணு முன்னாலயே இருந்துது. பொறந்ததுல இருந்து சாப்ட தட்டை நகர்த்தாத புள்ள அன்னிக்குப் பாத்திரம் தேச்சு வச்சான். அவன் அம்மா அதைப் பெருமையா சொன்னா. நானும் கேட்டுட்டுச் சும்மா இருந்தேன்."

இளவரசன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"பத்து நிமிஷந்தான் நைனா. மேல காட்டிட்டு இறங்கறேன், பெட்டி கீழ கிடக்குது. ஏழெட்டு குரங்கு. ஒண்ணொண்ணும் ஒரு குழாயை வாயில வச்சுக் கடிக்குது. பொங்கலைத் தூக்கி எறிஞ்சேன், அப்பத்தான் குழாயைப் போட்டுச்சுங்க. பாதி மூடி போச்சு, மீதிக் குழாய் வெயில்ல வெந்துபோச்சு."

"அப்பவே எனக்குப் போன் பண்ணியிருந்தா மறுநாள் திரும்ப எடுத்திருப்போமே," என்றார் டாக்டர்.

"வேலை போயிடும்னு பயம் மேடம். நைனாவுக்குத் தெரிஞ்சா அதைவிட பயம். குழாயைக் கழுவி, பையில இருந்த புது மூடியும் ஊசியும் எடுத்து... ஆட்டுக்கு நோய் வராதே, எல்லாருக்கும் இல்லைன்னுதான வரும், இல்லைன்னு வந்தா ஜனங்க சந்தோஷந்தான படுவாங்க, யாரு கேக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"என்னைக் கேட்டாங்களே அண்ணா," என்றாள் வெண்மதி. "காலைல இருந்து நிக்கறேன். ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

இளவரசன் தகப்பனாரைப் பார்த்தான். "வீட்டுல வச்சுக் கேட்டிருக்கலாமே நைனா."

"வீட்டுல கேட்டா வீட்டோட நின்னுடும். பழி போட்டது இங்க. எடுக்கறதும் இங்கதான் எடுக்கணும்." தனகோட்டி டாக்டர் பக்கம் திரும்பினார். "வேலை நாள்ல மலைக்கு விரட்டினது நான். அதையும் எழுதுங்க. கையெழுத்து எங்க போடணும்?"

டாக்டர் அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். சுவர்க் கடிகாரத்தில் 4:58.

இளவரசனுக்கு வேலை போயிற்று. எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தோடு போலீஸ் இல்லாமல் விட்டார்கள். சனிக்கிழமை காலையில் வெண்மதி மறுபடி பெருமாள் கோயில் வீதிக்கு வந்தாள். சில கதவுகள் திறக்கத் தயங்கின. முதல் வீட்டு வாசலில் தனகோட்டி சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் கொடுத்த பிறகு எல்லாக் கதவும் திறந்தன. நிரம்பிய பெட்டி அன்று எந்த மலைக்கும் போகாமல் நேராக அலுவலகம் போயிற்று.

அடுத்த வியாழன் மாலை 5:30க்கு முடிவு வந்தது. தெருவில் முப்பதுக்குப் பதினொன்று. ஊர் மொத்தமும் சேர்த்து நூற்றுக்கு முப்பத்தேழு. ஏறக்குறைய பத்தாயிரம் பேர். டாக்டர் அந்தக் கணக்கைப் போனில் சொல்லிவிட்டு, அவரவர் முடிவு அவரவர் சீட்டில் இருக்கும் என்றார்.

வெண்மதி கொண்டுவந்து கொடுத்த சீட்டைத் தனகோட்டி இரண்டு முறை படித்தார். குழாய் எண் 1. அளவு 2.86. எதிரே ஒரு சொல்: வந்து போயிருக்கிறது.

டைரியை எடுத்து ஆடி மாதத்துப் பக்கங்களுக்குத் திருப்பினார். ஏழு நாள் தொடர்ந்து ஒரே குறிப்பு. 12:30, சாப்பாடு, உப்பில்லை. 12:30, சாப்பாடு, உப்பில்லை.

அடுப்படி வாசலில் போய் நின்றார். அங்கே அவர் நிற்பது வழக்கமில்லை என்பதால் ஆண்டாள் கரண்டியோடு திரும்பினாள்.

"அந்த ஆடி மாசம்," என்றார் அவர். "குழம்புல உப்பு போட்டுத்தானே இருந்தே?"

"போட்டுத்தான் இருந்தேன்."

தனகோட்டி டைரியைத் திறந்து, அந்த ஏழு வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார்.